கொல்லிமலைச் சிறாரும் கல்வியும்

(ஊராட்சி உறுப்பினர்களும் கிராம ஊழியர்களும் பள்ளி மேலாண்மைக் குழுவினரும் கூடிப் படித்து ஆராய்வதற்குரிய பாடம்)

கல்வி எல்லோர்க்கும் உரியது என்பதில் இன்று எவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. அரசியலமைப்பு அதனை ஏற்றுக்கொண்டிருக்கிறது. சட்டம் அதனை உரிமையாக்கியிருக்கிறது. பெற்றோரும் அதனை விரும்புகின்றனர். எனினும், சமவெளியிலுள்ள ஊரில் பிறந்த குழந்தைக்கும் மலைமீதுள்ள சிற்றூரில் பிறந்த குழந்தைக்கும் அவ்வுரிமை ஒரே அளவில் கிட்டிவிடுவதில்லை. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் எழுத்தறிவு பெற்றோர் நூற்றுக்கு 80 பேர். அதே கணக்கில் பழங்குடி மக்களிடையே எழுத்தறிவு பெற்றோர் நூற்றுக்கு 54 பேரே. பழங்குடிப் பெண்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அது 47க்கும் சற்றுக் குறைவு. இவ்வளவு பெரிய இடைவெளி ஏன் ஏற்பட்டது? அதனைக் குறைக்க அரசாங்கம் செய்தவை யாவை? ஊரார் செய்ய வேண்டியவை யாவை? இவற்றைக் கொல்லிமலையை முன்னிறுத்தி ஆராய்வதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

மலையும் மக்களும்

கொல்லிமலை, நாமக்கல் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில், கடல் மட்டத்திற்கு மேல் 1,000 முதல் 1,300 மீட்டர் வரை உயர்ந்து நிற்பது. வல்வில் ஓரி ஆண்ட மலை என்று சங்க நூல்களால் அறியப்படுவது. ஆடித் திங்கள் தோறும் அவ்வள்ளலின் பெயரால் அங்கு அரசு விழா நடைபெறுவதை யாவரும் அறிவர். அடிவாரத்திலுள்ள காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தே மலைமீது செல்லவேண்டும். முள்ளுக்குறிச்சி வழியாக வேறொரு பாதையும் உண்டு. மலையின் தலைமையிடம் செம்மேடு.

மலைமேல் ஊர்கள் 'நாடு' என்னும் பிரிவுகளாக அமைந்துள்ளன. வாழவந்தி நாடு, அரியூர் நாடு, திண்ணனூர் நாடு, சேலூர் நாடு, தேவானூர் நாடு, ஆலத்தூர் நாடு, குண்டூர் நாடு, எடப்புளி நாடு, வளப்பூர் நாடு முதலிய பெயர்களிலேயே அங்குள்ள ஊராட்சிகளும் வழங்கிவந்துள்ளன. ஒரு நாடு என்பது ஒரே இடத்தில் அடர்ந்து நிற்கும் ஊரன்று. ஓடையின் இக்கரையில் பத்து வீடு, அக்கரையில் இருபது வீடு, குன்றின் பின்புறம் மேலும் சில வீடுகள் எனச் சிதறிக் கிடக்கும் பல சிற்றூர்களின் தொகுதியே அது. மலை முழுவதும் இத்தகைய சிற்றூர்கள் இருநூற்றுக்கு மேல் உள்ளன. இச்சிதறலை நினைவில் கொள்ளாமல் மலைக் கல்வியைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

இங்கு வாழ்வோரில் மிகப் பெரும்பாலோர் 'மலையாளி' எனப்படும் பழங்குடியினர். மலையை ஆள்பவர், அதாவது மலையில் வாழ்பவர் என்பதே இப்பெயரின் பொருள். கேரள நாட்டினரோடு இதற்குத் தொடர்பில்லை. அவர்தம் தாய்மொழி தமிழே. சேர்வராயன், கல்வராயன், பச்சைமலை, சவ்வாது மலை முதலிய மலைகளிலும் இவர்கள் வாழ்கின்றனர். தமிழ்நாட்டுப் பழங்குடியினருள் எண்ணிக்கையால் முதலிடம் பெறுவோர் இவர்களே. 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி மாநிலத்திலுள்ள ஏறத்தாழ 7,95,000 பழங்குடி மக்களில் மலையாளிகள் மட்டும் ஏறத்தாழ 3,58,000 பேர்.

சாமை, தினை, பனிவரகு, கேழ்வரகு ஆகியவை மலையின் பழைய பயிர்கள். பின்னர் மரவள்ளிக் கிழங்கும், காப்பி, மிளகு, வாழை, அன்னாசி ஆகியவையும் பரவின. பணப்பயிர் பெருகவே ரொக்கம் புழங்கியது உண்மை. ஆனால் நிலம் குறைந்த குடும்பங்களுக்குக் கூலி வேலையே கதியாயிற்று. இக்கிழக்கு மலைகளிலிருந்து காப்பித் தோட்டங்களுக்கும் மிளகுத் தோட்டங்களுக்கும் பருவந்தோறும் வெளியூர் சென்று திரும்பும் குடும்பங்கள் உண்டு. அவர்களோடு குழந்தைகளும் செல்வது கல்விக்கு ஏற்படும் பெரிய இடையூறுகளுள் ஒன்று.

முன்பு நடந்தவை

மலையில் கல்வி நேற்றுத் தோன்றியதன்று. ஜெஸ்ஸி பிராண்ட், எவ்லின் பிராண்ட் என்னும் ஆங்கிலேய தம்பதியர் 1913ஆம் ஆண்டளவில் கொல்லிமலையில் குடியேறி, மருத்துவப் பணியோடு பள்ளிகளையும் நடத்தினர். அக்காலத்தில் மலைக்கு வண்டிப் பாதை கிடையாது. விஷக்காய்ச்சலுக்கு அஞ்சி வெளியூரார் மலையேறுவதே அரிது. ஜெஸ்ஸி பிராண்ட் 1929இல் அத்தகைய காய்ச்சலினாலேயே மலைமீது உயிர் துறந்தார். தொழுநோய் அறுவை மருத்துவத்தில் உலகப் புகழ் பெற்ற டாக்டர் பால் பிராண்ட் அவர்களின் மைந்தர்; 1914இல் இம்மலையில் பிறந்தவர். ஆசிரியரையும் மருத்துவரையும் மலைமேல் நிலையாகத் தங்கச் செய்வது எவ்வளவு கடினமாக இருந்தது என்பதற்கு அவ்வரலாறு சான்றாகும்.

நாடு விடுதலை பெற்றபின் நிலைமை மாறத் தொடங்கிற்று. 1952ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் சமுதாய அபிவிருத்தித் திட்டம் நாடெங்கும் தொடங்கப்பட்டது. 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்த காமராசர் காலத்தில், பள்ளியில்லாத ஊர்களைத் தேடிப் பள்ளிகள் திறக்கப்பட்டன. 1956இல் மதிய உணவுத் திட்டம் மாநிலம் முழுவதற்கும் வந்தது. 1982இல் அது சத்துணவுத் திட்டமாக விரிவடைந்தது. ஐந்தாவது ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் பழங்குடியினர்க்கெனத் துணைத் திட்டம் வகுக்கப்பட்டபோது, ஒருங்கிணைந்த பழங்குடியினர் வளர்ச்சித் திட்டப் பகுதிகளுள் ஒன்றாகக் கொல்லிமலையும் இடம்பெற்றது. பழங்குடியினர் நலத்துறையின் கீழ் மாநிலத்தில் முந்நூறுக்கு மேற்பட்ட உண்டு உறைவிடப் பள்ளிகள் உள்ளன. மத்திய அரசின் ஏகலைவா மாதிரி உண்டு உறைவிடப் பள்ளி ஒன்று கொல்லிமலையில் செங்கரையில் அமைந்துள்ளது. 2022ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கி 2023இல் விரிவாக்கப்பட்ட காலை உணவுத் திட்டம், ஒன்று முதல் ஐந்து வகுப்பு வரை படிக்கும் அரசுப் பள்ளிச் சிறாருக்குப் பெருந்துணையாயிற்று.

இவற்றின் பயன் கண்கூடு. 1961இல் இம்மாநிலப் பழங்குடியினரில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 6 பேர். 1981இல் 20 பேர். 2001இல் 42 பேர். 2011இல் 54 பேர். அரை நூற்றாண்டில் ஒன்பது மடங்கு உயர்வு என்பது அற்பமன்று. ஆயினும் பள்ளியில் சேர்வது வேறு, பள்ளியில் நிலைப்பது வேறு. முதல் வகுப்பில் பெயர் எழுதிய குழந்தை பன்னிரண்டாம் வகுப்பு வரை செல்கிறதா என்பதே இனி நாம் கேட்க வேண்டிய கேள்வி.

குழந்தை எங்கே நின்றுவிடுகிறது?

மலைச் சிறாரின் படிப்பு எல்லா வகுப்புகளிலும் ஒரே சீராகக் குறைவதில்லை. ஒரு பள்ளி முடிந்து அடுத்த பள்ளிக்கு மாறவேண்டிய இடங்களிலேயே பெரும்பாலும் முறிகிறது. ஐந்தாம் வகுப்பு முடிந்து ஆறாம் வகுப்பிற்குச் செல்லும்போது முதல் முறிவு. எட்டாம் வகுப்பு முடிந்து ஒன்பதாம் வகுப்பிற்குச் செல்லும்போது இரண்டாவது முறிவு. பத்தாம் வகுப்பிற்குப் பின் மூன்றாவது முறிவு. தொடக்கப்பள்ளி வீட்டருகில் இருக்கலாம். நடுநிலைப்பள்ளி அடுத்த சிற்றூரிலும், உயர்நிலைப்பள்ளி அடுத்த நாட்டிலும், கல்லூரி மலையடிவாரத்திற்கு அப்பாலும் இருக்கக்கூடும். ஒவ்வொரு மாற்றத்திலும் தொலைவு கூடுகிறது. தொலைவு கூடும் ஒவ்வொரு முறையும் சில பெயர்கள் வருகைப் பதிவேட்டிலிருந்து மறைகின்றன.

இந்தத் தொலைவைச் சமவெளி அளவுகோலால் அளக்கலாகாது. சமவெளியில் மூன்று கிலோமீட்டர் என்றால் முக்கால் மணி நேர நடை. மலையில் அதே மூன்று கிலோமீட்டர் என்பது ஒரு சரிவில் இறங்கி, ஓடையைக் கடந்து, எதிர்ச் சரிவில் ஏறுவதாக இருக்குமாயின் ஒன்றரை மணி நேரமும் ஆகலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓடை பெருகினால் அந்த வழியே இல்லாது போகலாம். மிதிவண்டி சமவெளி மாணவருக்குச் சிறகு போன்றது. செங்குத்தான ஒற்றையடிப் பாதையில் அதுவே சுமையாகிவிடும். ஆகவே, 'பள்ளி எத்தனை கிலோமீட்டரில் உள்ளது?' என்று வினவுவதோடு, 'பத்து வயதுப் பெண் தனியே நடந்து எவ்வளவு நேரத்தில் பள்ளி சேருவாள்? மழைக்காலத்தில் சேருவாளா?' என்றும் வினவ வேண்டும்.

பெண் குழந்தைகள் திறத்தில் இத்தடை இருமடங்காகிறது. வழித்துணை இல்லாத காட்டுப் பாதையில் வயது வந்த மகளை அனுப்பப் பெற்றோர் தயங்குவது இயல்பே. வீட்டில் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் அவள் மீதே விழுகிறது. படிப்பு நின்ற பெண்ணுக்கு விரைவில் மணமுடிப்பது என்னும் வழக்கமும் முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. பதினெட்டு வயது நிறையாத பெண்ணுக்கு மணம் செய்விப்பது 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம் என்பதை ஊரார் அறிந்திருத்தல் வேண்டும். அதனினும் மேலாக, பெண்ணைப் பள்ளியில் நிலைக்கச் செய்வதே அவ்வழக்கத்தை ஒழிக்கும் நேர்வழி என்பதையும் உணர்தல் வேண்டும்.

மூன்றாவது தடை ஆசிரியரைப் பற்றியது. இருபது குழந்தைகள் மட்டுமே உள்ள தொடக்கப்பள்ளியில் ஐந்து வகுப்புகளையும் இரண்டு ஆசிரியர்கள் நடத்துகின்றனர். ஒருவர் விடுப்பிலோ பயிற்சியிலோ இருந்தால் மற்றவர் ஒருவரே ஐந்து வகுப்புகளுக்கும் பொறுப்பு. அவர் அடிவாரத்திலிருந்து பேருந்தில் வருபவராயின், பேருந்து தவறிய நாளில் பள்ளியே திறவாது. எனவே ஆசிரியர் மலைமேல் தங்குவதற்கு ஏற்ற வீடும், குடிநீரும், மின்வசதியும் செய்து தருவது கல்விப் பணியின் ஒரு பகுதியே ஆகும்.

நான்காவது, சான்றிதழ் பற்றியது. கல்வி உதவித்தொகைக்கும், விடுதிச் சேர்க்கைக்கும், உயர்கல்வி இட ஒதுக்கீட்டிற்கும் பழங்குடியினர் சாதிச் சான்று வேண்டும். இதனை வழங்குபவர் வருவாய்க் கோட்டாட்சியர். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த பின்னர் சான்றுக்கு அலையும் மாணவன் கல்லூரிச் சேர்க்கையின் நாளைத் தவறவிடுகிறான். மேலும், மலையாளி என்னும் இனம் பழங்குடிப் பட்டியலில் குறிப்பிட்ட சில மாவட்டங்களுக்கே உரியதாக எழுதப்பட்டுள்ளது. கொல்லிமலையை உள்ளடக்கியிருந்த பழைய சேலம் மாவட்டம் அதில் உண்டு. ஈரோடு மாவட்டத்தில் பர்கூர் மலையில் வாழும் மலையாளிகள் அதில் அடங்காமையால், தங்கள் குழந்தைகளுக்குப் பழங்குடிச் சான்று வேண்டி நெடுங்காலமாகக் கோரிக்கை விடுத்து வந்துள்ளனர். ஒரு தாள் ஒரு தலைமுறையின் கல்வியை எவ்வாறு தடுக்கவும் திறக்கவும் கூடும் என்பது இதனால் விளங்கும்.

சட்டம் கூறுவது யாது?

குழந்தைகளுக்கான இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. 6 முதல் 14 வயது வரையுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் அருகமைப் பள்ளியில் கட்டணமின்றிக் கல்வி பெறும் உரிமையை அது வழங்குகிறது. அச்சட்டத்தில் மலையூர்களுக்குப் பெரிதும் பயன்படும் கூறுகளை மட்டும் இங்குத் தருகிறோம்.

முதலாவது: தம் எல்லைக்குள் வாழும் 14 வயது வரையுள்ள குழந்தைகளின் பதிவேட்டை வைத்திருப்பது உள்ளாட்சி அமைப்பின் கடமை என்று சட்டம் கூறுகிறது.

இரண்டாவது: பிழைப்பிற்காக இடம்பெயரும் குடும்பங்களின் குழந்தைகளைப் பள்ளியில் சேர்ப்பதும் உள்ளாட்சி அமைப்பின் கடமையாகும். குடும்பம் சென்று சேர்ந்த ஊரிலும் இவ்விதியே பொருந்தும்.

மூன்றாவது: வயதுச் சான்று இல்லை என்பதற்காகவோ, மாற்றுச் சான்று வரத் தாமதம் என்பதற்காகவோ எந்தக் குழந்தைக்கும் சேர்க்கை மறுக்கப்படலாகாது.

நான்காவது: இடையில் படிப்பை நிறுத்திய குழந்தையை அதன் வயதிற்கேற்ற வகுப்பிலேயே சேர்த்து, பிற மாணவரை எட்டிப் பிடிக்கத் தனிப் பயிற்சியும் அளித்தல் வேண்டும். பன்னிரண்டு வயதுச் சிறுவனை மூன்றாம் வகுப்பில் உட்காரவைத்து நாணச் செய்யலாகாது.

ஐந்தாவது: 60 மாணவர் வரையுள்ள தொடக்கப்பள்ளிக்கும் இரண்டு ஆசிரியர்கள் இருத்தல் வேண்டும்.

ஆறாவது: பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும்.

அருகமைப் பள்ளி என்பதற்குத் தொடக்க வகுப்புகளுக்கு ஒரு கிலோமீட்டரும், ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்கு மூன்று கிலோமீட்டரும் எல்லையாகக் கொள்ளப்படுகின்றன. ஆனால், கரடுமுரடான நிலமும், மண்சரிவும், வெள்ளமும், பாதையின்மையும் உள்ள இடங்களில் இவ்வெல்லையைக் குறைத்துப் பள்ளியை அமைக்கவேண்டும் என்றும், பள்ளி அமைக்க இயலாத சிறு குடியிருப்புகளின் குழந்தைகளுக்கு இலவசப் போக்குவரத்தோ தங்கும் வசதியோ செய்து தரவேண்டும் என்றும் 2010ஆம் ஆண்டு மத்திய அரசு வகுத்த விதிகள் கூறுகின்றன. தமிழ்நாட்டில் தொலைதூரக் குடியிருப்புச் சிறாருக்குப் போக்குவரத்து, வழித்துணை வசதிகளுக்கென நிதி ஒதுக்கும் முறையும் இருந்துவருகிறது. இந்த வசதி வேண்டும் என்று முறைப்படி கேட்கும் ஊருக்கே அது விரைவில் கிடைக்கும். கேட்பதற்கோ, எந்தச் சிற்றூரில் எத்தனை குழந்தைகள், எவ்வழியே செல்கின்றனர் என்ற கணக்கு கையில் இருக்கவேண்டும்.

பிற இடங்கள் கற்பிப்பவை

நம்மைப் போன்றே மலையும் சிதறிய ஊர்களும் உடைய பிற நாட்டினர் என்ன செய்தனர் என்று அறிவது பயன் தரும். தென் அமெரிக்காவில் கொலம்பியா நாட்டின் கிராமப் பள்ளிகளில், ஒரே ஆசிரியர் பல வகுப்புகளை நடத்தவேண்டிய நிலை இருந்தது. 1970களின் நடுவில் அங்குப் 'புதிய பள்ளி' என்னும் முறை தொடங்கப்பட்டது. மாணவர் தாமே படித்துச் செல்லத்தக்க பாட ஏடுகள், வயதில் மூத்தவர் இளையவர்க்கு உதவுதல், விதைப்பு அறுவடைக் காலத்தில் சில வாரம் வாராத குழந்தை விட்ட இடத்திலிருந்தே தொடங்குதல் ஆகியவை அதன் சிறப்புகள். நம் அண்டையில், ஆந்திர மாநிலம் மதனப்பள்ளியை அடுத்த ரிஷிவேலியைச் சுற்றியுள்ள சிற்றூர்ப் பள்ளிகளில் அட்டைகளைக் கொண்டு பல வகுப்புச் சிறாரையும் ஒருங்கே கற்பிக்கும் முறை உருவாக்கப்பட்டது. தமிழ்நாட்டில் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றலுக்கு அதுவே முன்னோடி.

வேறொரு பாடம் கேரளத்திலிருந்து கிடைக்கிறது. வயநாடு மாவட்டத்தில் பழங்குடிச் சிறார் பள்ளியை விட்டு நிற்பதைத் தடுக்க, அச்சமூகங்களிலேயே ஆசிரியப் பயிற்சி பெற்ற இளைஞர்களைத் தொடக்கப் பள்ளிகளில் வழிகாட்டி ஆசிரியராக அமர்த்தும் 'கோத்ரபந்து' திட்டம் 2017இல் தொடங்கப்பட்டது. குழந்தையின் வீட்டு வழக்கும் பேச்சும் அறிந்த ஒருவர் வகுப்பில் இருப்பது குழந்தைக்கு அச்சத்தைப் போக்குகிறது. கொல்லிமலையில் மொழித்தடை அவ்வளவாக இல்லை, தமிழே பேசுகின்றனர். ஆயினும், மலைப் பேச்சைக் கேட்டு நகைக்கும் வகுப்பறை ஒரு குழந்தையை வாய் மூடச் செய்துவிடும். அதே மலையில் பிறந்து ஆசிரியரானவர் அங்கே நிற்பாராயின், 'நாமும் இவ்வாறு ஆகலாம்' என்ற நம்பிக்கையும் கூடவே பிறக்கும்.

ஊராட்சி செய்யத்தக்க பணி

மேற்கூறியவற்றுள் பலவும் அரசாங்கத்தின் நிதியையும் ஆணையையும் பொறுத்தவை. ஆனால், எந்தத் திட்டமும் குழந்தையின் வீட்டு வாயிலை எட்டுவதற்கு ஊரில் ஒரு கை வேண்டும். அந்தக் கை நீட்டத் தொடங்குவதற்கு ஏற்ற கருவி, சட்டமே விதித்துள்ள அப்பதிவேடுதான். செலவில்லாமல் இன்றே தொடங்கக்கூடிய பணியும் அதுவே.

எடுத்துக்காட்டாக, நாற்பது வீடுகள் உள்ள ஒரு சிற்றூரைக் கொள்வோம். ஒரு குறிப்பேட்டில் வீட்டிற்கொரு பக்கம் ஒதுக்குக. பிறந்த குழந்தை முதல் பதினெட்டு வயதினர் வரை எல்லோர் பெயரும் அதில் இடம்பெறட்டும். பதினான்கு வயதோடு சட்டத்தின் கட்டாயம் நின்றாலும், ஊரின் அக்கறை நிற்கலாகாது. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பிறந்த நாள், படிக்கும் பள்ளி, வகுப்பு, பள்ளிக்குச் செல்லும் வழி, நடக்கும் நேரம், சாதிச் சான்று உண்டா இல்லையா, குடும்பம் வெளியூர் செல்லும் மாதங்கள் ஆகியவற்றை எழுதுக. ஒரு சிற்றூருக்கு இரண்டு நாள் வேலைக்கு மேல் ஆகாது. அங்கன்வாடி ஊழியரும், தலைமையாசிரியரும், மகளிர் சுய உதவிக் குழுவினரும் சேர்ந்தால் எளிதில் முடியும்.

இக்குறிப்பேட்டை ஆண்டில் மூன்று முறை திறந்து பார்த்தல் வேண்டும். ஏப்ரல் மாதத்தில் ஐந்து, எட்டு, பத்து ஆகிய வகுப்புகளை முடிப்போர் யார் யார் என்று பார்த்து, அவர்கள் அடுத்துச் சேரவேண்டிய பள்ளியை அப்போதே உறுதி செய்க. விடுதி வேண்டுவோர்க்கு விண்ணப்பமும், சான்று இல்லாதோர்க்குச் சான்று விண்ணப்பமும் கோடை விடுமுறையிலேயே அனுப்பப்படுதல் வேண்டும். பள்ளி திறந்து ஒரு மாதம் கழிந்தபின், ஏப்ரலில் குறித்த பெயர்கள் எல்லாம் புதிய பள்ளியின் வருகைப் பதிவேட்டில் உள்ளனவா என்று ஒப்பிடுக. காணாத பெயர் ஒவ்வொன்றுக்கும் ஒரு வீடு உண்டு. அவ்வீட்டிற்கு ஒருவர் நேரில் செல்லவேண்டும். பின்னர், குடும்பங்கள் தோட்ட வேலைக்குப் புறப்படும் பருவத்திற்கு முன், குழந்தையை விடுதியில் விட்டுச் செல்வதா, உறவினர் வீட்டில் விட்டுச் செல்வதா, செல்லும் ஊரில் பள்ளியில் சேர்ப்பதா என்று பெற்றோரோடு கலந்து முடிவு செய்க.

விடுதியைப் பற்றி ஒரு சொல். மலைச் சிறாருக்கு உண்டு உறைவிடப் பள்ளி இன்றியமையாதது. ஆனால், பெற்றோர் ஒருமுறையேனும் சென்று பார்த்திராத விடுதியில் மகளை விட மனம் துணிவதில்லை. கழிப்பறை, சுற்றுச்சுவர், தண்ணீர், விளக்கு, பெண் காப்பாளர் ஆகியவை உள்ளனவா என்பதைப் பள்ளி மேலாண்மைக் குழுவின் தாய்மார் நேரில் பார்த்துவந்து ஊரில் கூறினால், பத்துச் சுற்றறிக்கைகள் ஆற்றாத பணியை அது ஆற்றும். குறையிருப்பின் எழுத்தில் தெரிவித்து, தீரும்வரை தொடர்ந்து கேட்பதும் அவர்தம் பொறுப்பே. குழந்தைகளுக்குத் தீங்கு நேரும் என்ற ஐயம் எழுந்தால் 1098 என்னும் இலவசத் தொலைபேசி எண்ணில் தெரிவிக்கலாம் என்பதைப் பள்ளிச் சுவரில் எழுதி வைத்தல் நலம்.

பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டியும் வழி உண்டு என்பதைக் குடும்பங்களுக்கு எடுத்துரைக்க வேண்டும். அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்விக்குச் செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022இலும், ஆண்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024இலும் தொடங்கப்பட்டன. பழங்குடி மாணவர்க்குப் பத்தாம் வகுப்பிற்கு மேற்பட்ட படிப்புக்கான உதவித்தொகையும் உண்டு. பத்தாம் வகுப்பு மாணவனின் தந்தை இவற்றை முன்பே அறிந்திருப்பாராயின், 'மேலே படிக்கவைக்க நம்மால் ஆகுமா' என்று மகனைத் தோட்ட வேலைக்கு அழைத்துச் செல்லமாட்டார்.

தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி மன்றம் பதவியில் இருக்கும் காலத்திலும், தனி அலுவலர் பொறுப்பில் இருக்கும் காலத்திலும் இக்கடமை மாறுவதில்லை. கிராம சபை கூடும் நாள்களில் வரவு செலவுக் கணக்கைப் படிப்பது போன்றே குழந்தைகள் கணக்கையும் படிக்கலாம். குழந்தைகளின் பெயர்களைக் கூட்டத்தில் படித்து எவரையும் நாணச் செய்யவேண்டுவதில்லை. 'நம் ஊரில் பள்ளி வயதினர் இத்தனை பேர். பள்ளியில் இருப்போர் இத்தனை பேர். இவ்வாண்டு ஆறாம் வகுப்பிற்குச் சென்றோர் இத்தனை பேர்' என்ற மூன்று எண்கள் போதும். சாலைக்கும் குடிநீருக்கும் தீர்மானம் நிறைவேற்றும் ஊர், இம்மூன்று எண்களைக் கண்டபின் போக்குவரத்துக்கும் விடுதிக்கும் தீர்மானம் நிறைவேற்றும்.

மலைக்குச் சாலை அமைக்க எழுபது வளைவுகள் வேண்டியிருந்தன. நேரே ஏற முடியாத இடத்தில் வளைந்து ஏறினர், ஆனால் ஏறினர். மலைச் சிறாரின் கல்விக்கும் நேர்வழி ஒன்றே போதாது. பள்ளி எட்டாத இடத்தில் வண்டியும், வண்டி எட்டாத இடத்தில் விடுதியும், இவை எவற்றையும் அறியாத வீட்டிற்கு ஊராரின் வருகையும் வேண்டும். அவற்றுள் கடைசியாகச் சொன்னது நம் கையிலேயே உள்ளது.

கூடி ஆராய்வதற்குரிய வினாக்கள்

1. உங்கள் ஊரில் ஐந்தாம் வகுப்பு முடித்த குழந்தை அடுத்துச் செல்லவேண்டிய பள்ளி எது? நடந்து செல்ல எவ்வளவு நேரம் ஆகும்? மழைக்காலத்தில் அவ்வழி திறந்திருக்குமா?

2. சென்ற ஆண்டு எட்டாம் வகுப்பு முடித்தவர்களுள் இப்போது ஒன்பதாம் வகுப்பில் இல்லாதவர் எத்தனை பேர்? அவர்கள் எங்கே இருக்கின்றனர்?

3. உங்கள் ஊரில் எந்த மாதங்களில் குடும்பங்கள் வெளியூர் வேலைக்குச் செல்கின்றன? அம்மாதங்களில் அக்குழந்தைகளுக்கு என்ன ஏற்பாடு செய்யலாம்?

4. சாதிச் சான்று பெறாத பள்ளிச் சிறார் எத்தனை பேர்? அவர்களனைவருக்கும் ஒரே நாளில் விண்ணப்பிக்க முகாம் ஒன்றை எவ்வாறு ஏற்பாடு செய்யலாம்?

5. உங்கள் ஊர்ப் பெண்கள் பள்ளியை இடையில் விடுவதற்குரிய காரணங்களுள் ஊராராலேயே நீக்கக்கூடியவை யாவை?